ஆய்வுலகில் ஓர் ஆற்றுப்படை வேண்டும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்துகொண்ட பெண்களின் தொகை 2014–15 ஆம் கல்வியாண்டில் ஏறத்தாழ 48,000. 2021–22 இல் அஃது ஏறத்தாழ 99,000 ஆக உயர்ந்தது என்று நடுவணரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு காட்டுகின்றது. ஏழாண்டுகளில் இருமடங்கு! அவ்வாண்டில் ஆய்வுக்குப் பதிந்திருந்தோர் ஆணும் பெண்ணுமாக 2,12,000 பேர் அளவினர். ஆகவே, ஏறத்தாழ இருவருள் ஒருவர் பெண். இக்கணக்கைக் கேட்ட அளவில் பலர் மகிழ்ந்து கைதட்டி, 'இனி என்ன குறை?' என்று அமைந்துவிடுகின்றனர்.

யாமும் மகிழ்கின்றோம். ஆயின், அமைந்துவிட மாட்டோம். வாயிலில் நுழைந்தவர் தொகை ஒன்று. பட்டத்தோடு வெளிவந்தவர் தொகை மற்றொன்று. வெளிவந்தபின் ஆய்வகத்திலும் பேராசிரியர் இருக்கையிலும் அமர்ந்தவர் தொகை வேறொன்று. நுழைவாயிலைத் திறந்துவிட்டதனாலேயே நெடுவழி முழுவதும் செப்பமாகிவிட்டது என்று கருதுவது அறியாமை. அவ்வழியில் அவர்க்குத் துணை யார் என்பதே ஈங்கு நாம் எழுப்பும் வினா.

'ஏன், நெறியாளர் இருக்கின்றாரே!' என்று உடனே விடை வரும். அவ்விடையிலேதான் சிக்கல் இருக்கின்றது.

புரவலன் வேறு, வழி கூறுவோன் வேறு

ஆற்றுப்படை என்பது நம் பழந்தமிழ் இலக்கியத்தின் ஓர் அரிய வகை. பத்துப்பாட்டுள் பாதி ஆற்றுப்படை. புறநானூற்றிலோ விறலியை ஆற்றுப்படுத்தும் துறைப் பாடல்களும் உள. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பசியும் களைப்புமாய் எதிர்வரும் தன்போலும் ஒருவனைக் கண்டு, தான் சென்ற வழி எது, காடு எங்கே, ஆறு எங்கே, எவ்வூரில் உண்ணக் கிடைக்கும், எவன் வாயிலில் எவ்வாறு நிற்க வேண்டும் என்பனவற்றை விரித்துரைக்கின்றான். தான் பெற்றதைப் பிறர் பெற்றுவிடக் கூடாது என்னும் சிறுமை அவன்பால் இல்லை. வழியை ஏட்டில் படித்துச் சொல்பவனும் அல்லன் அவன். நடந்து அறிந்து சொல்பவன்.

எல்லாவற்றினும் மேலாகக் கருத வேண்டுவது ஒன்றுண்டு. வழி கூறுபவன் புரவலன் அல்லன். பரிசில் கொடுப்பவன் வேறு. அதற்குப் போகும் வழியைக் கூறுபவன் வேறு. ஆதலால் வழி கேட்பவன் அஞ்சாமல் கேட்கலாம். தன் வறுமையை மறையாமல் சொல்லலாம். 'இதுவும் தெரியாதா உனக்கு?' என்று பரிசில் மறுக்கப்படுமோ என்று நடுங்க வேண்டுவதில்லை.

இற்றை ஆய்வுலகில் நேர்ந்துள்ள பெருங்கேடு, இவ்விரு நிலைகளையும் ஒரே கையில் ஒப்படைத்தமையே. ஆய்வுப் பொருளை ஏற்பவர் நெறியாளர். அரையாண்டுக்கு ஒருமுறை ஆய்வின் வளர்ச்சியைப் பற்றி எழுதுபவர் அவர். உதவித்தொகைத் தாளில் கையொப்பமிடுபவர் அவர். கருத்தரங்கிற்குப் போக இசைவு தருபவர் அவர். ஆய்வேட்டைத் தேர்வாளர்க்கு அனுப்பலாம் என்பவரும், தேர்வாளர் பெயர்களை முன்மொழிபவரும் அவரே. பட்டம் பெற்றபின் பணிக்குப் போனாலும் அவருடைய பரிந்துரை மடல் கேட்கப்படுகின்றது. இத்தனைக்கும் உரியவராகிய ஒருவரிடமே, 'ஐயா, எனக்கு வழி தெரியவில்லை. துன்பமாக இருக்கின்றது' என்று ஒரு மாணவி எவ்வாறு வாய் திறப்பாள்? அத்துன்பமே அவரால் விளைந்ததாயின் என் செய்வாள்?

நெறியாளர் அனைவரும் தீயர் என்று யாம் கூறவில்லை. தம் மாணவியரைத் தம் மக்களினும் மேலாகப் பேணிய பெருமக்கள் பலர் இருந்துள்ளனர், இருக்கின்றனர். ஆனால், நல்லவர் வாய்த்தால் வாழ்வு, வாய்க்காவிட்டால் தாழ்வு என்பது ஓர் ஒழுங்கு ஆகாது, அது சூதாட்டம். ஒருத்தியின் இளமையில் ஐந்தாறு ஆண்டுகளைச் சூதாட்டத்தில் வைத்தல் ஆகுமோ? ஆண் மாணவர்க்கும் இவ்விடர் உண்டே என்பார்க்கு ஒரு சொல்: உண்டு. ஆயின், அவர்க்குத் தேநீர்க்கடை உண்டு. விடுதித் திண்ணை உண்டு. மூத்த மாணவரோடு இரவு நெடுநேரம் உரையாடும் உரிமை உண்டு. எந்தத் தேர்வாளர் எப்படிப்பட்டவர், எந்த இதழுக்குக் கட்டுரை விடுக்கலாம், எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் தேங்கும் என்பன எல்லாம் அத்திண்ணையில் தாமாகவே செவிக்கு வருகின்றன. இருள் கவிவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டிய பெண்ணுக்கும், வீட்டில் அடுப்பும் தொட்டிலும் காத்திருக்கும் தாய்க்கும் அத்திண்ணை இல்லை. எழுதப்படாத அறிவு அனைத்தும் அவளுக்கு எட்டாமற் போகின்றது.

இருவர் வரலாறு

இது வெறுங்கற்பனை அன்று. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் வரலாற்றிலிருந்தே இருவரைக் காட்டுவோம்.

1933 இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் என்னும் பெண், அக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் வேண்டினார். அவர்தம் தந்தையாரும் சிற்றப்பரும் அங்கேயே பயின்ற வேதியியலார். அப்போது கழகத்தின் இயக்குநராக இருந்தவர், மூன்றாண்டுகட்கு முன் நோபெல் பரிசு பெற்ற சி. வி. இராமன் அவர்கள். பெண் என்னும் ஒரே கரணியத்திற்காக இடம் மறுக்கப்பட்டது. கமலா விடவில்லை, மறுப்புக்குக் கரணியம் கேட்டு நின்றார். முடிவில், ஓராண்டு ஆய்ந்து பார்த்தபின்னரே முறையான மாணவியாக ஏற்பது, அதுவரை அவர் வேலை கணக்கில் கொள்ளப்படாது, ஆண் மாணவர்க்கு அவரால் இடையூறு நேர்தல் கூடாது என்னும் கட்டுப்பாடுகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். எந்த ஆண் மாணவனுக்கேனும் இக்கட்டுப்பாடு உண்டா? இல்லை.

அங்கே அவர்க்கு வாய்த்தவர் சீனிவாசையா என்னும் ஆசிரியர். மிகக் கண்டிப்பானவர், வேலை வாங்குபவர், அறிவை மறைக்காமல் வழங்குபவர். அவர் பெண்ணென்று இரங்கவும் இல்லை; பெண்ணென்று இகழவும் இல்லை. பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைப் பற்றிய ஆய்வில் கமலா தேர்ந்தார். ஓராண்டு கழிந்தபின் அவர் தகுதியை எவராலும் மறுக்க முடியவில்லை. பின்னர்ப் பிற பெண்களுக்கும் அக்கழகத்தின் கதவு திறந்தது. 1936 இல் அங்கே படிப்பை முடித்துக் கேம்பிரிட்சுக்குச் சென்றார் கமலா. அங்கே கோபுகின்சு என்னும் பேரறிஞரின் துறை, பெண் ஆய்வாளரை மதித்து இடங்கொடுப்பதற்குப் பெயர் பெற்றது. நிலைத்திணைகளின் உயிர்ப்பு வினையில் 'சைட்டோக்குரோம் சி' என்னும் பொருளின் பங்கை ஆராய்ந்து, ஏறத்தாழ நாற்பதே பக்கங்கள் கொண்ட ஆய்வேட்டினை அளித்து 1939 இல் முனைவர் பட்டம் பெற்றார். இவரே பின்னாளில் கமலா சோகோனி என்று அறியப்பட்டவர். பெங்களூரில் மறுக்கப்பட்டவர், கேம்பிரிட்சில் வென்றார்! பெண் அவளேதான், அறிவும் அதுவேதான், சூழல் ஒன்றே வேறு.

மற்றொருவர் அன்னா மணி. 1918 இல் பீருமேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். 1940 இல் உதவித்தொகை பெற்று அதே இந்திய அறிவியல் கழகத்தில் இராமன் அவர்களின் ஆய்வகத்தில் சேர்ந்து, வைரம், கெம்பு ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தார். நிறமாலைகளைப் படம் பிடிக்க ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் ஆகும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே கிடந்து உழைத்தார். 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தாம் ஒருவராகவே எழுதி வெளியிட்டார். ஆணும் பெண்ணும் கலந்து உரையாடுதல் கூடாது என்பதில் அவ்வாய்வகம் மிகக் கடுமையாக இருந்தது. அறிவியல் உரையாடலால் வளரும். அவ்வுரையாடலே அவர்க்கு அரிதாயிற்று.

1945 ஆகத்தில் தம் ஆய்வேட்டினைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. ஆய்வில் பிழையா? இல்லை. அவர் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கவில்லை என்பதே கரணியம்! ஐந்தாண்டு உழைப்பு, ஐந்து கட்டுரைகள், முழுமையான ஆய்வேடு. இவ்வளவும் ஓர் ஒழுங்குமுறைக்கு முன் செல்லாக்காசாயின. அவ்வாய்வேடு இராமன் ஆய்வு நிலையத்தின் நூலகத்தில் பட்டம் பெறாத ஏடாகவே வைக்கப்பட்டது.

ஈங்கு நாம் கேட்பது இது: இப்படி ஓர் ஒழுங்குமுறை உண்டென்பதை 1940 இலேயே எடுத்துக்காட்டி, 'முதலில் இதைச் செய்துகொள்' என்று சொல்லக்கூடிய ஒருவரை அவர்க்கென அமர்த்தியிருந்தால், அவ்வுழைப்பு வீணாகியிருக்குமா? ஆய்வைக் கற்பிக்க உலகப் பேரறிஞர் இருந்தார். ஆனால், ஆய்வு வேறு. ஆய்வாளரின் வாழ்வு வேறு. முன்னதைப் பார்த்துக்கொள்பவர் நெறியாளர். பின்னதைப் பார்த்துக்கொள்பவரைத்தான் யாம் வழித்துணைவர் என்கின்றோம்.

பட்டம் இல்லாமையால் தமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதே அன்னா மணி அம்மையாரின் எண்ணமாக இருந்தது. அவர் இலண்டனுக்குச் சென்று வானிலைக் கருவியியலைக் கற்று, 1948 இல் இந்திய வானிலைத்துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976 இல் ஓய்வு பெற்றவர். அஃது அவர்தம் பெருந்தன்மை, அவர்தம் உரம். அவ்வுரத்தைக் காட்டி, 'பார், துணையில்லாமலேயே வென்றாரே' என்று நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ளுதல் கூடாது. வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவர் ஒருவர் இருக்கின்றார் என்பதற்காகப் பாலம் கட்ட வேண்டா என்பார் உண்டோ? நீந்த முடியாமற் போனவர் பெயரை எந்த வரலாறும் எழுதி வைப்பதில்லை.

ஏட்டில் உள்ள உரிமைகள்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது பொருந்தாது. 2022 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக நல்கைக்குழுவின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் பெண் ஆய்வாளர்க்கு இரண்டாண்டுக் கூடுதல் காலம் தருகின்றன; ஆய்வுக் காலத்துள் 240 நாள் வரை மகப்பேற்று விடுப்பும் குழந்தை வளர்ப்பு விடுப்பும் தருகின்றன. திருமணத்தாலோ வேறு வகையாலோ ஒரு பெண் வேற்றூர்க்குப் பெயர நேர்ந்தால், தன் ஆய்வுத் தரவுகளை வேறொரு பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்றும் கூறுகின்றன. நல்லதே.

ஆனால், அவ்வொழுங்கின் உட்பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திருமணம் பெண்ணைத்தான் வேரோடு பெயர்க்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! கமலா சோகோனியும் குன்னூர் ஊட்ட ஆய்வகத்தில் வகித்த பொறுப்பை விட்டு, 1947 இல் திருமணத்தின்பின் மும்பைக்குப் பெயர்ந்தவரே. தரவைக் கொண்டுசெல்லலாம், சரி. போகுமிடத்தில் புதிய நெறியாளரைத் தேடித் தருபவர் யார்? ஒரு பேராசிரியர் எட்டுப் பேர்க்கும், இணைப்பேராசிரியர் அறுவர்க்கும், துணைப்பேராசிரியர் நால்வர்க்கும் மேல் நெறியாளராக இருத்தல் கூடாது என்பதும் அதே ஒழுங்கே. புதிதாக வந்தவளுக்கு இடம் இல்லை என்று கைவிரித்தால் அவள் எங்கே போவாள்? பழைய நிறுவனம் பிறிதோர் அமைப்பிடம் நல்கை பெற்று நடத்தும் திட்டத்தின் பகுதியாக அவள் ஆய்வு இருந்தால், தரவைக் கொண்டுசெல்லவும் வழியில்லை. இவற்றையெல்லாம் சேரும் நாளிலேயே எடுத்துச் சொல்பவர் வேண்டாவா?

அதுபோன்றே, உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2015 இல் வந்த ஒழுங்குமுறை, முறையீடு உசாவப்படும் காலத்தில் முறையீட்டுக்கு ஆளானவர் முறையிட்டவரின் ஆய்வை மதிப்பிடுவதினின்று விலக்கி வைக்கப்படலாம் என்று கூறுகின்றது. இவ்வொரு வரி எத்தனை மாணவியர்க்குத் தெரியும்? நெறியாளரை எதிர்த்து முறையிட்டால் ஆய்வே போய்விடும் என்று அஞ்சியே வாய் மூடிக் கிடப்போர்க்கு இவ்வரி ஒரு கைவிளக்கு. கைவிளக்கைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, 'இருளாக இருக்கின்றதே' என்பது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது.

சாதியும் இதனோடு சேரும்போது சுமை இருமடங்காகின்றது. 2021 இல் கேரளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பெண் ஆய்வாளர் ஒருவர், தம் சாதியின் பொருட்டு ஆய்வக ஏந்துகள் தமக்குப் பல்லாண்டுகளாக மறுக்கப்பட்டன என்று கூறிப் பல்கலைக்கழக வாயிலில் பதினொரு நாள் உண்ணாநோன்பு இருந்தார். அவர் குற்றஞ்சாட்டிய ஆய்வு மையத்தின் இயக்குநர் அப்பொறுப்பினின்று நீக்கப்பட்ட பின்னரே நோன்பு முடிந்தது. ஆய்வு செய்ய ஒரு மேசையும் கருவியும் கேட்பதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது! முதலாண்டிலேயே அவருடைய முறையீட்டைச் செவிமடுத்துத் துணைவேந்தரின் மேசை வரை கொண்டுசெல்லும் கடமையுடைய ஒருவர் இருந்திருந்தால், பத்தாம் ஆண்டில் பட்டினி கிடக்க நேர்ந்திருக்குமா?

சொல்லில் மதிப்பு; செயலில்?

பெண்டிர் நிலை இதுவாயின், திருநங்கையர், திருநம்பியர் நிலையைக் கூறவும் வேண்டுமா? இழிவு ஏறிய பழஞ்சொற்களைக் களைந்து 'திருநங்கை' என்னும் மதிப்புச் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது தமிழ்நாடு. 2008 இல் அவர்க்கென நலவாரியம் அமைத்ததும் தமிழ்நாடே. 2014 ஏப்பிரல் 15 ஆம் நாள் உச்ச நயன்மன்றம், தம் பாலினத்தைத் தாமே கூறிக்கொள்ளும் உரிமை அவர்க்கு உண்டென்றும், கல்வியிலும் வேலையிலும் அவர்க்கு இடஒதுக்கீடு வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. 2024–25 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், உயர்கல்வி பயிலும் மூன்றாம் பாலினத்தாரின் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாட்டரசு கூறியது.

சொல் தந்தோம்; பொருளும் தந்தோம். துணை தந்தோமா? பிறந்த வீட்டினின்று துரத்தப்பட்ட ஒருவர், பட்டப் படிப்பையும் முதுநிலைப் படிப்பையும் முடித்து ஆய்வு வாயில் வரை வருவதே ஒரு மலையேற்றம். வந்தபின், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், இப்போது ஒரு பெயர். முன்பு வெளியிட்ட கட்டுரை பழைய பெயரில் இருந்தால் அது தம்முடையதே என்று நிறுவ வேண்டும். ஆண் விடுதியா, பெண் விடுதியா என்னும் வினாவுக்கு அலுவலகம் விடையிறுக்கும் வரை தங்குவதற்கு இடமில்லை. ஊருக்குள் குடிக்கூலிக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகின்றது. இவ்வளவையும் ஒவ்வோர் அலுவலர் முன்பும் தனியே நின்று, தம் வாழ்வையே திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருப்பவர், ஆய்வுக்கு எப்போது உட்காருவார்? பிற மாணவர்க்கு உறவினர் உளர்; ஊரார் உளர். இவர்க்கு நிறுவனம் அமர்த்தித் தரும் வழித்துணைவரே உறவு. ஆதலின், பிறர்க்கு நன்மையாக இருப்பது இவர்க்கு இன்றியமையாமை ஆகின்றது.

தடை கூறுவார்க்கு விடை

'ஆய்வுக்கு ஆணென்ன, பெண்ணென்ன? தகுதி ஒன்றே போதும். தனித்துணை தருவது தகுதியைத் தாழ்த்தும்' என்பார் சிலர். தகுதியை யாம் ஒருபோதும் தாழ்த்தச் சொல்லவில்லை. கமலா கேட்டது எளிய தேர்வா? இல்லை, தேர்வெழுத ஓர் இருக்கை. அன்னா மணிக்குத் தேவைப்பட்டது இரக்கமா? இல்லை, ஒழுங்குமுறையை முன்கூட்டியே சொல்லும் ஒரு வாய். வழித்துணை என்பது மதிப்பெண் கூட்டுவதன்று. வழியில் கிடக்கும் முள்ளைக் காட்டுவது.

'பெண் மாணவர்க்குப் பெண் பேராசிரியரே துணையாகட்டும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்பார் வேறு சிலர். கேட்பதற்கு இனிமையாக உள்ளது. ஆயின், ஒரு துறையில் இரண்டொரு பெண் பேராசிரியரே இருப்பர். எல்லா மாணவியரின் துயரையும் அவர்கள் தலையிலேயே சுமத்தினால், அவர்தம் சொந்த ஆய்வு அழியும். ஆண் பேராசிரியரோ கைகழுவிக்கொண்டு தம் கட்டுரைகளைப் பெருக்குவர். இது மற்றொரு வகை வஞ்சனை. கமலாவுக்குத் துணை நின்ற சீனிவாசையா ஆண், கோபுகின்சும் ஆண். வேண்டுவது பால் அன்று, பண்பு. அப்பண்பைக் கடமையாக்குதல் நிறுவனத்தின் வேலை.

'நன்கு ஆய்பவரை உலகம் தானே அறிந்துகொள்ளும்' என்று கூறுவாரும் உளர். 1967 இல் கேம்பிரிட்சில் ஆய்வு மாணவியாக இருந்த சோசலின் பெல் என்னும் பெண், வானொலித் தொலைநோக்கியின் நீண்ட தாட்சுருள்களில் எவரும் பொருட்படுத்தாத ஒரு சிறு கீறலைக் கண்டு பிடித்து விடாது தொடர்ந்தார். அதுவே துடிவிண்மீன்களின் கண்டுபிடிப்பாயிற்று. அக்கண்டுபிடிப்புக்கான நோபெல் பரிசு 1974 இல் அவருடைய நெறியாளர்க்குச் சென்றது. மாணவி பெயர் விடுபட்டது. 2018 இல் அவர்க்கு 30 இலக்கம் அமெரிக்கத் தாலர் பரிசொன்று கிடைத்தபோது, தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், இயற்பியலில் இதுவரை இடம்பெறாத பிரிவினரின் முனைவர் பட்ட ஆய்வுக்கென முழுவதையும் வழங்கிவிட்டார். தாம் நடந்த வழியில் பின்வருவார் இடறாதிருக்க அவர் தந்த விளக்கு அது. தாம் பெற்றதைப் பின்வருவார்க்குத் திறந்துவிடும் இந்நெஞ்சமே ஆற்றுப்படை நெஞ்சம்.

செய்ய வேண்டுவன

வெறும் புலம்பலால் பயனில்லை. பல்கலைக்கழகங்களும் அரசும் செய்ய வேண்டுவனவாக யாம் கருதுவன இவை:

1. ஆய்வுக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், திருநங்கை, திருநம்பியர்க்கும், முதல் திங்களிலேயே வேற்றுத் துறையைச் சார்ந்த வழித்துணைவர் ஒருவர் அமர்த்தப்படல் வேண்டும். அவர்க்கு மதிப்பெண்ணிலோ உதவித்தொகையிலோ கையொப்ப உரிமை இருத்தல் கூடாது. அஞ்சாமல் பேசுவதற்கு அதுவே அடிப்படை. விரும்பும் ஆண் மாணவர்க்கும் இதனை மறுக்க வேண்டா.

2. பதிவு முதல் பட்டம் வரை உள்ள ஒழுங்குமுறைகள், விடுப்புரிமைகள், முறையீட்டு வழிகள் அனைத்தும் தெளிவான தமிழில் ஒரு கைச்சுவடியாகச் சேரும் நாளிலேயே தரப்படல் வேண்டும்.

3. நெறியாளரை மாற்றிக்கொள்ள, விட்டு நீங்கும் நெறியாளரின் இசைவையே கேட்டு நிற்கும் நிலை ஒழிய வேண்டும். அவ்வுரிமை ஆய்வு அறிவுரைக் குழுவின்பால் இருக்கட்டும்.

4. ஆய்வுக் கட்டுரைகளில் எவர் பெயர் எவ்விடத்தில் வரும் என்பது, வேலை தொடங்குமுன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்படல் வேண்டும்.

5. மகப்பேற்றுக்குப் பின்னும், ஊர் பெயர்ந்த பின்னும் ஆய்வுக்குத் திரும்பும் பெண்ணுக்குப் புதிய நெறியாளரைத் தேடித் தருவது நிறுவனத்தின் கடமை என்று ஒழுங்குமுறையிலேயே சேர்க்கப்படல் வேண்டும்.

6. பெயர் மாற்றிக்கொண்டவரின் எல்லாப் பதிவுகளையும் ஒரே வேண்டுகையில் மாற்றித் தரும் பொறுப்பு ஓர் அலுவலரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். தங்குமிடம் உறுதி செய்யப்படாமல் சேர்க்கை ஆணை வழங்கப்படுதல் கூடாது.

7. வழித்துணைப் பணி, பேராசிரியரின் பாடவேளைக் கணக்கில் சேர்க்கப்படல் வேண்டும். பதவி உயர்வில் மதிக்கப்படல் வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்யும் அறப்பணியாக விட்டுவிட்டால், இரண்டாம் ஆண்டில் அது மறைந்துவிடும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை; கட்டடம் வேண்டுவதில்லை; வேண்டுவது உள்ளம் ஒன்றே.

அன்பர்களுக்கு

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருத்தல் முறையன்று. தமிழன்பர்களுள் முனைவர் பட்டம் பெற்றோர் பலர். கல்லூரிகளில் பணியாற்றுவோர் பலர். தமிழ்த்துறைகளிலேயே எத்தனை மாணவியர் நான்காம் ஆண்டில் ஏட்டை மூடி வைத்துவிட்டுத் திருமணமாகிப் போய்விட்டனர் என்பதை உங்கள் உள்ளமே அறியும். தமிழுக்கு அறிவியல் வேண்டும், ஆய்வு வேண்டும், புதுச்சொல் வேண்டும், புதுநூல் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அவற்றைத் தரவல்லாருள் பாதிப்பேரை அரைவழியில் தொலைத்துவிட்டு முழங்கி என்ன பயன்?

ஆகவே, பட்டம் பெற்ற அன்பர் ஒவ்வொருவரும் ஓராண்டில் ஒருவர்க்கேனும் வழித்துணையாக நிற்க உறுதி கொள்ளுங்கள். திங்களுக்கு ஒருமுறை அவரோடு அமர்ந்து, 'ஆய்வு எவ்வளவில் நிற்கின்றது? எது தடுக்கின்றது?' என்று கேளுங்கள். எழுதிய இயலைப் படித்துப் பாருங்கள். தேங்கிய தாள் எங்கே தேங்கியது என்று உடன் சென்று உசாவுங்கள். தந்தையராக இருப்பின், 'படித்தது போதும்' என்னும் சொல்லை விழுங்குங்கள். கணவராக இருப்பின், ஆய்வேடு முடியும் ஓராண்டு அடுக்களையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் எவர் ஆண்மையும் குறைந்துவிடாது. உங்கள் தெருவில் ஒரு திருநங்கை வீடு கேட்டு வந்தால் கதவைத் திறவுங்கள்.

நுழைந்தவர் 99,000 பேர். அவர்களுள் எத்தனைப் பேர் கரையேறுவர் என்பது அவர்கள் அறிவை மட்டும் பொறுத்ததன்று; நம் கையையும் பொறுத்தது. கையை நீட்டுவோம்.